சட்டம் இயற்றுவோர் செவியில் விழுவது யாது?

நூல்களுக்கும் நாடகங்களுக்கும் மதிப்புரை எழுதப்படும் இப்பகுதியில் ஒரு சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு விமரிசனம் செய்யப் புகுவது வாசகர்களுக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் சட்டமும் சொற்களால் ஆனதேயன்றி வேறன்று. கவிதையில் ஒரு சொல் பிழைபட்டால் இழுக்கு கவிஞனுக்கு மட்டுமே. சட்டத்தில் ஒரு சொல் பிழைபட்டாலோ, அதை எழுதியவர் முகத்தை ஒருநாளும் பார்த்திராத ஒருவன் அபராதம் கட்டுகின்றான். அல்லது சிறை புகுகின்றான். ஆகவே எழுத்துக்கள் எல்லாவற்றிலும் மிகுந்த கவனத்தோடு படிக்கப்பட வேண்டியது சட்டமே என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் நம்மவர் அதனைப் படிப்பதில்லை. வக்கீல் படித்துக்கொள்வார் என்று விட்டுவிடுகின்றோம். வக்கீலோ, கட்சிக்காரன் வந்த பிறகுதான் படிக்கின்றார்.

நாம் இங்கு எடுத்துக்கொண்டது, 2015ஆம் ஆண்டு ஜனவரி 30ந் தேதி சிங்கப்பூர்ப் பார்லிமெண்டில் நிறைவேறி, அவ்வாண்டு ஏப்ரல் 1ந் தேதி அமலுக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன்படி சிங்கப்பூர் முழுவதிலும் இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்துதல் குற்றமாகும். கடையில் வாங்கி எடுத்துச் செல்வதற்கும் அந்நேரத்தில் தடையுண்டு. இதுவரையில் யாவருக்கும் பொது. இதற்குமேல் இரண்டு இடங்கள் மட்டும் தனியே பிரித்தெடுக்கப்பட்டன. ஒன்று கேலாங். மற்றொன்று நமது தேக்காவை நடுவிற் கொண்ட லிட்டில் இந்தியா. அவ்விரண்டிலும் சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கும் தடை திங்கட்கிழமை காலை 7 மணிக்குத்தான் நீங்கும். பொது விடுமுறை வந்தால் முதல் நாள் மாலை 7 மணிக்கே தொடங்கி, விடுமுறைக்கு மறுநாள் காலை வரை நிற்கும். அவ்வெல்லைக்குள் செய்த குற்றத்துக்குத் தண்டனை ஒன்றரை மடங்கு வரை ஏறலாம்.

நாம் மதுவின் கட்சியைச் சேர்ந்தவரல்லோம் என்பதை முன்னரே சொல்லிவிடுவது நன்று. நமது பாட்டனார் தோட்டத்துக் கள்ளுக்கடையில் அரைச் சம்பளத்தை வைத்துவிட்டு லயத்துக்குத் திரும்பியவர். அந்தக் கதையைப் பாட்டியார் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நாம். எனவே இச்சட்டம் வந்த செய்தியைப் பத்திரிகையில் கண்டபோது முதலில் மகிழ்ந்தோம். பிறகு, ஆங்கிலத்திலேயே பள்ளிப் படிப்பை முடித்த பலனுக்கு, சட்டத்தையே எடுத்துப் படித்தோம். படித்த பின் மகிழ்ச்சி குறைந்தது. மதுவைத் தடுப்பதற்காகவன்று, தடுக்கும் மாதிரிக்காக. ஆற்றங்கரையில் கிளார்க் கீ என்னும் இடத்தில் எத்தனை பேர் எவ்வளவு குடிக்கின்றனர் என்பதைச் சிங்கப்பூரில் அறியாதார் இல்லை. அவ்விடம் பிரித்தெடுக்கப்படவில்லை. லிட்டில் இந்தியாவுக்குள்ளேயே, லைசென்ஸ் பெற்ற ஓட்டலில் நாற்காலி போட்டு அமர்ந்து குடிப்பவனுக்கு இத்தடை இல்லை. ஒரு போத்தலை வாங்கிக்கொண்டு புல்தரையில் அமர்பவனுக்குத்தான் உண்டு. நாற்காலிக்குக் கொடுக்கப் பணம் உள்ளவன் குடியன் அல்லன் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலே அப்பொருள் போதருகின்றது. சட்டம் இயற்றியோர் கொடியவரல்லர். படித்தவர், பொறுப்புள்ளவர். அங்ஙனமிருக்க, அவர்கள் எழுதிய எழுத்தில் இப்பொருள் எவ்வாறு வந்து புகுந்தது? இதைத்தான் நாம் ஆராய விரும்புகின்றோம்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 8ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் கூடுமிடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் தனியார் பஸ் ஒன்றின் சக்கரத்தில் சிக்கி மாண்டார். வயது 33. ஞாயிறுதோறும் தொழிலாளரைத் தங்குவிடுதிகளிலிருந்து தேக்காவுக்குக் கொண்டுவந்து, இரவில் திரும்ப ஏற்றிச் செல்லும் பஸ்களில் அது ஒன்று. கூட்டம் திரண்டது. உதவிக்கு வந்தவர்கள் சக்கரத்தடியில் கிடப்பவனை விட்டுவிட்டுப் பஸ்காரரைக் காப்பாற்றுகின்றனர் என்று ஒரு தவறான எண்ணம் கூட்டத்தில் பரவியது. கல் பறந்தது, போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்ஸும் எரிந்தன. 1969க்குப் பிறகு சிங்கப்பூர் அத்தகைய கலகத்தைக் கண்டதில்லை. 25 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 57 பேர் நாட்டைவிட்டுத் திருப்பியனுப்பப்பட்டனர். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் நால்வர் கொண்ட விசாரணைக் கமிட்டியும் நியமிக்கப்பட்டது.

இனி வாசகர்கள் தேதிகளைக் கவனிக்க வேண்டுகின்றோம். கமிட்டி பகிரங்க விசாரணையைத் தொடங்கிய நாள் 2014 பிப்ரவரி 19. லிட்டில் இந்தியாவுக்கென்றே தனியாக எழுதப்பட்ட பொது ஒழுங்கு (கூடுதல் தற்காலிக நடவடிக்கைகள்) மசோதா பார்லிமெண்டில் நிறைவேறிய நாள் பிப்ரவரி 18. அதாவது, நோய் யாதென்று கேட்க வைத்தியரை உட்கார வைத்ததற்கு முதல் நாளே மருந்து கலக்கப்பட்டுவிட்டது. அப்பகுதிக்குள் வருவோரையும் வண்டிகளையும் சோதிக்கவும், ஒருவரை உள்ளே வராமல் தடுக்கவும் அச்சட்டம் போலீஸாருக்கு அதிகாரம் தந்தது. சர்க்கார் தரப்பின் நியாயத்தையும் மறைக்காமல் கூறவேண்டும். அதுவரை கையாண்டுவந்த பழைய பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைவிடக் கடுமையானது, பரந்தது. புதியதோ ஓராண்டுக்கு மட்டும், ஒரு பகுதிக்கு மட்டும் என்றனர். அது உண்மையே. எனினும் கமிட்டியின் முடிவுக்குக் காத்திராமல் சட்டம் செய்வதேன் என்று பாட்டாளிக் கட்சி அங்கத்தினர் ஆட்சேபித்ததும் உண்மையே. அந்த ஓராண்டு முடியும் தறுவாயில்தான் நாம் மேலே சொன்ன மதுபானச் சட்டம் வந்தது. மதுவைப்பற்றிய ஆலோசனை கலகத்துக்கு முன்பே உள்நாட்டு இலாகாவில் நடந்துகொண்டிருந்தது. ஆயினும் லிட்டில் இந்தியா என்னும் பெயரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது அந்த ஓரிரவே.

இங்கே நம்மைப்பற்றி ஒரு வார்த்தை. நாம் ஜோகூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவர். சட்டசபைக்கும் நமக்கும் வெகு தூரம் என்றாலும், விதி எழுதும் தொழிலில் நமக்கும் சிறிது அனுபவமுண்டு. ஒரு சம்பள நாள் இரவு, தோட்டத்துச் சிறுபாலத்தண்டை கைகலப்பு நேர்ந்து இருவருக்குத் தலையில் அடிபட்டது. மறுநாட் காலை மானேஜர் நம்மை அழைத்து, இரவு 8 மணிக்கு மேல் பாலத்தடியில் நால்வருக்கு மேல் கூடலாகாது என்று விளம்பரம் எழுதச் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதி, மலாயிலும் தமிழிலும் பெயர்த்து, ஆபீஸ் கதவில் ஒட்டினோம். நடை நன்றாக அமைந்ததென்று ஒரு சிறு பெருமையும் கொண்டோம்! ஆனால் அந்தக் கைகலப்பின் காரணம் யாதென்பது நமக்குத் தெரியும். அம்மாதச் செக்ரோலில் இரண்டு வேலைக் கூட்டத்தாரின் நாட்களை நாமே மாற்றிப் பதிந்திருந்தோம். ஒரு கூட்டத்துக்குக் கூலி குறைந்தது, மற்றதற்கு ஏறியது. தங்கள் பணத்தை அவர்கள் பறித்துக்கொண்டதாக இவர்கள் எண்ணினர். அடுத்த மாதம் கணக்கைச் சரிசெய்தோம், ஓசைப்படாமல்.

விளம்பரத்தில் பொய் ஒன்றும் இல்லை. பாலம் இருந்தது, இரவு இருந்தது, கூட்டம் இருந்தது, அவற்றை எழுதினோம். செக்ரோலைப்பற்றி எழுதும்படி எவரும் கேட்கவில்லை. நாமும் வலியச் சொல்லவில்லை. தோட்டத்தில் எஞ்சியிருக்கும் தமிழருள் முதியவர் ஒருவர் மட்டும் விளம்பரத்தைப் படித்துவிட்டு நம்மிடம் வந்தார். "பாலத்தடியில் நிற்கக் கூடாது, சரிங்க ஐயா. லயத்து வாசல் விளக்கு அவிந்து ஆறு மாசமாச்சு. நாங்கள் எங்கேதான் நிற்கிறது?" என்றார். அதற்கு நமது விளம்பரத்தில் இடமில்லை. இதைச் சொல்ல இன்றும் நமக்கு வெட்கமாயிருக்கின்றது. ஆனால் இதைச் சொல்லாமல் பிறர் எழுதிய சட்டத்தைக் குறைகூற நமக்கு யோக்கியதை இல்லை.

நிற்க. பன்னீர் செல்வம் கமிட்டி தன் வேலையைச் செவ்வையாகவே செய்ததென்று கூறவேண்டும். 24 நாட்கள் விசாரித்து, 93 சாட்சிகளைக் கேட்டது. அவர்களுள் தொழிலாளரும் இருந்தனர். ஜூன் இறுதியில் வெளிவந்த அதன் அறிக்கை, விபத்தும், அதையொட்டி எழுந்த தப்பெண்ணமும், மதுவும் கலகத்துக்குக் காரணம் என்றது. சம்பளத்தைப்பற்றியோ தங்குமிடத்தைப்பற்றியோ எழுந்த அதிருப்தி காரணமன்று என்று முடிவு கூறிற்று. கமிட்டி சொன்ன பல விஷயங்களில் வெளிச்சமும் உண்டு, பஸ் ஏறுமிட வசதிகளும் உண்டு, போலீஸாரின் குறைகளும் உண்டு. ஆனால் பார்லிமெண்டின் சட்டமாகத் திரண்டு நின்றது மதுவே. இது ஏன்?

சட்டம் வரைகின்றவன் நிலையிலிருந்து பார்த்தால் விடை கிடைக்கும். அவன் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் தெருமுனையில் நிற்கும் ஒரு போலீஸ்காரன் கையில் போய்ச் சேர்கின்றது. இரவு 10.30 மணிக்கு அவன் எதைக் காண்பான்? போத்தலைக் காண்பான். போத்தலுக்கு உருவம் உண்டு, அளவு உண்டு. கையில் இருக்கிறதா இல்லையா என்பதற்குச் சாட்சி வேண்டுவதில்லை. வாரம் ஆறு நாள் வெயிலில் கம்பி கட்டிவிட்டு, ஏழாம் நாள் பஸ் வரிசையில் அதட்டப்படுபவன் நெஞ்சில் இருப்பதற்கு உருவம் ஏது? அதற்கு விளக்கப் பிரிவில் எந்தச் சொல்லை எழுதுவது? தப்பெண்ணம் என்று கமிட்டி சொன்னதே, அது கலகத்தின் வேரையே தொடும் சொல் என்பது நமது எண்ணம். எங்களில் ஒருவன் செத்தால் இவர்கள் கவனியார் என்று ஒரு கூட்டம் ஒரு நொடியில் நம்பிவிடுமானால், அந்நம்பிக்கை அந்த நொடியில் பிறந்ததன்று. ஆயினும் ஒரு நம்பிக்கையைப் பறிமுதல் செய்யச் சட்டத்தால் ஆகாது. கைக்கு எட்டியதை அது பிடித்துக்கொண்டது. நமது பாலத்து விளம்பரமும் அவ்வாறே பிறந்தது.

இரண்டாவது காரணம் செவியைப் பற்றியது. சிங்கப்பூரில் பார்லிமெண்டு அங்கத்தினர் தத்தம் தொகுதி மக்களை இரவு வேளையில் அமர்ந்து சந்தித்துக் குறை கேட்கும் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பஃபலோ ரோடு அடுக்குமாடியில் குடியிருக்கும் மூதாட்டி அங்கு சென்று, ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை, கீழ்த்தளத்தில் படுத்துறங்குகின்றனர், குப்பை போடுகின்றனர் என்று முறையிடலாம். அவர் முறையீடு நியாயமானது. அதை நாம் ஏளனம் செய்யோம். அவருக்கு வோட்டு உண்டு. சிங்கப்பூரில் வோட்டுப் போடுவது கட்டாயமுங்கூட. படுத்துறங்குபவனுக்கோ வோட்டு இல்லை. குறை கேட்கும் இரவில் அவனுக்கென்று ஒரு நாற்காலியும் இல்லை. அந்தச் சபையில் தமிழிற் பேசலாம் என்று அரசியல் சட்டமே இடம் தந்திருக்கின்றது. ஆனால் மசோதா ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. அங்கத்தினர் நல்லவரேயாயினும், ஒரு காதில் ஐம்பது வாரம் ஒரே முறையீடு விழுந்தால், மறு காதில் விழாததை எவ்வாறு எழுதுவார்?

உவமைக்குள்ள வலிமையையும் இவ்விடத்தில் கூறலாம். 2016ஆம் ஆண்டில் ஜாலான் புசார்த் தொகுதி அங்கத்தினர் ஒருவர், லிட்டில் இந்தியாவில் அயல்நாட்டுத் தொழிலாளர் பெருந்திரளாகக் கூடுவதை நடமாடும் வெடிகுண்டுக்கு ஒப்பிட்டுப் பார்லிமெண்டில் பேசினார். பிறகு அச்சொல்லுக்கு வருத்தமும் தெரிவித்தார். வருந்தியது பெருந்தன்மையே. ஆனால் உவமை வெறும் அணியன்று. கூட்டத்தைச் சந்தை என்று எண்ணுபவன் கூரை போடுவான், தண்ணீர்க் குழாய் வைப்பான். வெடிகுண்டு என்று எண்ணுபவன் வேலி போடுவான். மசோதாவின் முதற் பிரிவு எழுதப்படுவதற்கு முன்பே உவமை அதனைப் பாதி எழுதிவிடுகின்றது.

மதுவிலக்கில் பற்றுள்ள நமது வாசகர்கள், எக்காரணத்தாலாயினும் போத்தல் ஒழிந்தால் நன்றுதானே என்று கேட்கக்கூடும். அவர்களுக்கு மலாயாவின் பழைய கதை ஒன்றை நினைவூட்டுகின்றோம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு முதலிய கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்பதும் அவர்களுடைய கோரிக்கை. குடிப்பவரே, குடியைக் கொண்டுபோங்கள் என்று கேட்டனர்! துரைமாரையும் ஆபீஸ் உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்பது மற்றொன்று. உத்தியோகஸ்தர் என்றால் நம்மைப்போன்ற கிராணிகள்தாம். இவ்வரியை எழுதும்போது நமது பேனா சற்றுத் தயங்கியே செல்கின்றது. அன்றைய சர்க்கார் என்ன செய்தது? நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது; பட்டாளத்தைக் கொண்டுவந்தது; தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர். கள்ளுக்கடை நின்றது. தொழிலாளரே கேட்டபோது மூடாத கடையை, அவர்களைக் கேளாதபோது மூட முடிகின்றது. இரண்டு காலத்திலும் மதுவைப்பற்றிய சட்டம் மதுவின் தீமையை மட்டும் எண்ணி எழுதப்பட்டதன்று. அன்று தோட்டத்தின் அமைதிக்குக் கள் வேண்டியிருந்தது. பின்னர் நகரத்தின் அமைதிக்குக் கள் வேண்டாதிருந்தது. குடிப்பவனின் மனைவி மக்கள் இரு கணக்கிலும் வரவில்லை. அவர்கள் புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் இருக்கின்றனர்.

சட்டம் எப்பொழுதும் இப்படித்தான் பிறக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதே சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மே 24ந் தேதி நிறைவேறிய மாதர் சாசனத்தைப் பாருங்கள். அதற்கு முன்பு முஸ்லிமல்லாத ஆடவரும் இரண்டு மூன்று மனைவியரை வைத்துக்கொள்ளலாம். தமிழரும் அதில் சளைத்தவரல்லர். 1952இல் தோன்றிய சிங்கப்பூர் மாதர் மன்றம், ஷிரின் ஃபோஸ்தார் முதலியோரின் முயற்சியால், அவ்வழக்கத்தை ஒழிக்க ஓயாது முறையிட்டது. ஆண்டுக்கணக்கில் செவிகொடுத்தாரில்லை. 1959இல் பொதுத் தேர்தல் வந்தது; வோட்டுப் போடுவது கட்டாயமாயிற்று; அதுவரை வீட்டுக்குள் இருந்த பெண்களெல்லாம் வோட்டுச் சாவடிக்கு வந்தாகவேண்டும். ஒருவனுக்கு ஒருத்தி என்பது மக்கள் செயல் கட்சியின் வாக்குறுதியில் ஏறியது. சான் சோய் சியோங் போன்ற பெண்களே சபைக்குள் அமர்ந்தனர். மசோதா அவசரமாக நிறைவேற்றப்படவில்லை. தெரிவுக் கமிட்டிக்கு அனுப்பி, அபிப்பிராயம் கேட்டுத் திருத்தி, ஓராண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டே நிறைவேற்றினர். யாரைப்பற்றிய சட்டமோ அவரே பேசிய சட்டம் அது. அதன் வாக்கியங்களில் உரிமை என்னும் சொல்லுக்கு இடம் கிடைத்தது. லிட்டில் இந்தியாவைப்பற்றிய வாக்கியங்களில் தடை என்னும் சொல்லுக்கே இடம் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நடுநிலை தவறியவராவோம். மதுபானச் சட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாக, 2015 ஜனவரி 20ந் தேதி, அதே பார்லிமெண்டு அயல்நாட்டு ஊழியர் தங்குவிடுதிச் சட்டத்தையும் நிறைவேற்றியது. 1,000 பேரும் அதற்கு மேலும் தங்கும் விடுதிகள் லைசென்ஸ் பெறவேண்டும் என்றது அது. நல்ல சட்டமே. ஆனால் அந்த ஆயிரம் என்னும் எண்ணுக்குக் கீழே இருந்தவர்கள் அதற்கு வெளியே நின்றனர். 2020இல் கொரோனா தொற்று வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் விடுதித் தொழிலாளரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொற்று ஏற்பட்டதாகச் சர்க்காரே அறிவித்தது. அதன் பிறகுதான், 2023 ஏப்ரல் 1ந் தேதி முதல், ஏழு பேர் தங்கும் விடுதியும் அச்சட்டத்துக்குள் வந்தது. ஆயிரத்திலிருந்து ஏழுக்கு! சட்டசபையில் எவர் பேச்சாலும் இறங்காத எண்ணை ஒரு கிருமி இறக்கியது. கலகமோ நோயோ வந்துதான் தொழிலாளியின் சேதியைச் சபைக்குச் சொல்லவேண்டுமென்றால், இடையிலுள்ள அமைதியான ஆண்டுகளில் அச்சேதியை யார் கொண்டுபோவது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்பாலம் கடந்து தேக்காவுக்குச் சென்றிருந்தோம். சாமான் வாங்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டிலிருந்து திரும்புகையில், பஸ்ஸுக்குக் காத்திருந்த வரிசையின் கடைசியில் நின்ற ஓர் இளைஞரோடு பேச்சுக் கொடுத்தோம். சிவகங்கைப் பக்கத்தவர். இங்கே சனி ஞாயிறுகளில் குடிக்கலாகாது என்னும் சட்டம் தெரியுமா தம்பி என்று கேட்டோம்.

"தெரியும் அண்ணே. நான் குடிக்கிறதில்லை" என்றார்.

அப்படியானால் அச்சட்டத்தால் உமக்கு ஒன்றும் இல்லை என்றோம். அவர் சிறிது யோசித்தார். "பை சோதிப்பாங்க. அது போகட்டும் அண்ணே. உக்காந்தா எந்திரிக்கச் சொல்றாங்க. நின்னா நகரச் சொல்றாங்க. வாரத்துல ஒரு நாள் எங்கே உக்காரலாம்னு ஏதாவது சட்டம் இருக்கா?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்.

இதைப் பத்திரிகைக்கு எழுதுவதாகச் சொன்னோம். இங்கிலீஷ் பத்திரிகைக்கா என்றார். தமிழுக்கு என்றோம். சரி என்று தலையசைத்துவிட்டு, வரிசை நகர்ந்தபடியால், அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவரும் நகர்ந்தார்.